நான் எழுதலை சார், ஃபார்வர்ட்தான் பண்ணேன்

வழக்கறிஞரான எனக்கு இந்த வருடத்தில் இது நான்காவது அழைப்பு. இரவு பத்தரை மணிக்கு ஓர் அம்மா கூப்பிட்டார். "தம்பி, என் மகனைப் போலீஸ்ல கூட்டிட்டுப் போய்ட்டாங்க. அவன் ஒண்ணும் எழுதலை, வந்ததை அனுப்பினான், அவ்வளவுதான்." இந்த 'அவ்வளவுதான்' கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

பையனுக்கு 26 வயது, லாரி உதவியாளர். குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு படத்தை இன்னொரு குழுவுக்குத் தள்ளிவிட்டிருக்கிறான். கூடவே மூன்று சிரிப்புப் பொம்மைகள். படத்தில் ஒரு பள்ளிவாசல், அதன் கீழே தமிழில் ஒரு வரி: "இவங்க சாமிக்கு மட்டும்தான் நிலப் பட்டா இருக்கு போல."

2025 மார்ச்சில் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பகுதியில் இருந்த பத்ரகாளியம்மன் ஆலயத்தை இடம் மாற்றி, அந்த நிலத்தில் பள்ளிவாசல் கட்டும் விவகாரம் கொதித்த நாளில் கிளம்பிய சரக்கு இது. இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

சரி, ஒருமுறை உட்கார்ந்து விளக்கிவிடுகிறேன். "எழுதியவன்தானே குற்றவாளி?" இல்லை. மலேசியாவின் 1948ஆம் ஆண்டு தேச நிந்தனைச் சட்டம், 4ஆவது பிரிவு. பேசுவது, அச்சிடுவது, வெளியிடுவது, விற்பது, விநியோகிப்பது, மறுபிரதி எடுப்பது என்று வரிசையாக அடுக்குகிறது. வெள்ளைக்காரன் துண்டறிக்கையை மனதில் வைத்து எழுதிய வரிசை. உங்கள் ஃபார்வர்ட் பொத்தான் செய்வது விநியோகம், மறுபிரதி இரண்டும். அந்தக் காலத்தில் யாரோ அச்சடித்த நோட்டீஸை நீங்கள் கோயில் வாசலில் நின்று கொடுத்தால் பிடிப்பார்களா, மாட்டார்களா? அதேதான். நீங்கள் நின்ற வாசல்தான் மாறியிருக்கிறது.

இதற்கு மேல் சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவு இருக்கிறது. 2012இல் சேர்த்தார்கள். ஒரு பதிவில் உங்கள் பெயரோ படமோ இருந்தால், இணைய இணைப்பு உங்கள் பெயரில் இருந்தால், கணினி உங்கள் கைவசம் இருந்தால், வெளியிட்டது நீங்கள்தான் என்று சட்டம் முதலில் வைத்துக்கொள்ளும். இல்லை என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். அந்தப் பிரிவில் 'நிர்வாகி' என்ற சொல்லும் இருக்கிறது. குழுவுக்கு அட்மினாக இருப்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் அண்ணன்மார் இந்த வரியை இரண்டு தடவை படிக்கவும்.

அனுப்பியவன் வேறு, உருவாக்கியவன் வேறு என்று நீதிமன்றத்தில் வாதாட இடம் உண்டு. வாதாடுவேன், அது என் தொழில். ஆனால் அந்த வாதம் நீதிபதி முன் வருவதற்குள் பையன் ரிமாண்டில் நான்கு நாள் இருந்துவிடுவான். நீட்டித்தால் இன்னும் மூன்று. வேலை போயிருக்கும். கைப்பேசி எப்போது திரும்பும் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

"தமிழில்தானே இருந்தது, அவங்களுக்கு எப்படிப் புரியும்?" இதையும் கேட்டார்கள். குழுவில் இருக்கும் யாரோ ஒரு தமிழர்தான் ரிப்போர்ட் போட்டிருக்கிறார், அம்மா. போலீஸிலும் தமிழர்கள் இருக்கிறார்கள். மொழிபெயர்ப்புத் தாளைப் பார்த்தேன். மலாயில் அந்த வரி, 'அவர்களுடைய கடவுளுக்கு மட்டுமே நிலப் பட்டா உள்ளது' என்று சுத்தமாக உட்கார்ந்திருந்தது. 'போல' காணாமல் போயிருந்தது. நக்கல் முழுவதும் அந்தப் 'போல'வில்தான் இருந்தது. விசாரணை அதிகாரியிடம் இதைச் சொன்னபோது பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது கேலியா, தகவலா?" என்றார். இரண்டில் எதைச் சொன்னாலும் வம்பு.

இவ்வளவு சொல்வதால் வாயைப் பொத்திக்கொண்டு இருங்கள் என்று சொல்கிறேன் என நினைக்க வேண்டாம். எனக்கு எரிச்சல் வருவதே அங்கேதான். அந்த ஆலய விஷயத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் எத்தனை இருந்தன! 130 ஆண்டு பழைய கோயில் நிற்கும் நிலத்தை 2014இல் மாநகராட்சி ஒரு தனியார் நிறுவனத்துக்கு விற்றபோது ஆலயத்தாரைக் கேட்டார்களா? புதிய இடத்துக்குப் பட்டா யார் பெயரில்? இவற்றை உங்கள் பெயர் போட்டே கேட்கலாம். அரசாங்கத்தின் தவறைச் சுட்டிக்காட்டுவது நிந்தனை ஆகாது என்று அதே சட்டத்தின் 3(2) பிரிவு சொல்கிறது. மத விவகாரமே பேசக்கூடாது என்பதும் தவறு. 2024 பிப்ரவரியில் கிளந்தான் மாநில ஷரியா குற்றவியல் சட்டத்தின் 16 பிரிவுகளைக் கூட்டரசு நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் செல்லாது என்றது. வழக்குப் போட்டவர்கள் இரண்டு முஸ்லிம் பெண்கள், தாயும் மகளும். சட்டம் படித்து, வாதம் எழுதி, நேராகக் கேட்டார்கள். நாம் கேள்வியை விட்டுவிட்டு அடுத்தவர் சாமியைப் பிடித்துக்கொள்கிறோம். அதே 2025 மார்ச்சில் வானொலி அறிவிப்பாளர்கள் மூவர் 'வேல் வேல்' என்று காவடியாட்டத்தைக் கேலி செய்தபோது நமக்கு எப்படி வலித்தது?

சட்டம் நியாயமானதா என்று கேட்டால், இல்லை என்பேன். மிகவும் அகலமான வலை. அரசியலமைப்பின் 10ஆவது பிரிவு பேச்சுரிமையைக் கொடுத்துவிட்டு, கீழேயே விதிவிலக்குகளை அடுக்குகிறது. 1969 இனக் கலவரத்துக்குப் பிறகு, 1971இல், குடியுரிமை, தேசிய மொழி, மலாய்க்காரர் சிறப்புரிமை, சுல்தான்களின் இறையாண்மை ஆகியவற்றைக் கேள்வி கேட்பதைச் சட்டம் போட்டுத் தடுக்கலாம் என்று சேர்த்தார்கள். நாடாளுமன்றத்துக்குள் பேசினாலும் தப்பிக்க முடியாது. சீன, தமிழ்ப் பள்ளிகளை மூட வேண்டும், தேவைப்பட்டால் தேசிய மொழி பற்றிய அரசியலமைப்பின் 152ஆவது பிரிவையே திருத்த வேண்டும் என்று 1978இல் மக்களவையில் பேசிய சபா உறுப்பினர் மார்க் கோடிங்கைக் குற்றவாளி என்றது உயர் நீதிமன்றம். நமக்கு எதிராகப் பேசியவரும் அதே வலையில்தான் விழுந்தார். தேச நிந்தனைச் சட்டத்தை ரத்து செய்வோம் என்று 2012இல் அப்போதைய பிரதமர் நஜிப் சொன்னார். 2018 தேர்தல் அறிக்கையில் பக்காத்தான் ஹராப்பான் கூட்டணியும் சொன்னது. சட்டம் அங்கேயேதான் இருக்கிறது. இணையத்தில் புண்படுத்தும் பதிவுகளைத் தண்டிக்கும் பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவில் அபராத உச்சவரம்பு 50,000 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 5 லட்சம் வெள்ளியாக 2025 பிப்ரவரியில் ஏறியது. சிறை ஓராண்டிலிருந்து இரண்டு ஆண்டு. லாரி உதவியாளர் சம்பளத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆகவே, மதம், இனம், அரண்மனை பற்றிய எந்தப் படமும் உங்கள் கைப்பேசியில் வந்த இடத்திலேயே கிடக்கட்டும். கோபம் வந்தால் நீங்களே உட்கார்ந்து உங்கள் சொல்லில், கொள்கையைப் பற்றி, முடிவெடுத்த ஆளைப் பற்றி எழுதுங்கள். அடுத்தவர் நம்பிக்கையைத் தொட வேண்டாம். போலீஸ் கூப்பிட்டால் பதறிப்போய் அழிக்காதீர்கள், அது தனிக் குற்றமாக முடியும். யாரோ எப்போதோ ஸ்கிரீன்ஷாட் எடுத்தாயிற்று. கைது செய்தால், விசாரணை தொடங்கும் முன் வீட்டாரிடமும் வழக்கறிஞரிடமும் பேச உங்களுக்கு உரிமை உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 28ஏ, கேளுங்கள். வாக்குமூலத்தில் உங்களையே மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம். அப்புறம், தயவுசெய்து, அதிகாரியிடம் 'நாட்டுல பேச்சுரிமை இருக்குல்ல?' என்று மேஜையைத் தட்டாதீர்கள். அதை என்னிடம் விடுங்கள்.

பையன் ஜாமீனில் வெளியே வந்துவிட்டான். நேற்றுக் காலை அவனுடைய அம்மா எனக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தார், மேலே இரட்டை அம்புக்குறியோடு. திறக்கவில்லை. உடனே அவரைக் கூப்பிட்டேன்.