நூறு வயது பங்களோவை வாங்குகிறீர்களா? இடிப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் 'பங்களோ ஹெவன்' என்றொரு பகுதி இருக்கிறது. 1989-ல் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக நகராட்சி அதை அறிவித்தது. 1900-களின் தொடக்கத்திலிருந்து 1930 வரை கட்டிய கிராஃப்ட்ஸ்மேன் வீடுகள்தான் அங்கே அதிகம்: தாழ்ந்து இறங்கும் கூரை, அகலமான முன் வராந்தா, ஒன்றரை மாடியைத் தாண்டாத உயரம், உள்ளே சுவரோடு சேர்த்து இழைத்த மர அலமாரிகள். இப்படி ஒரு வீட்டை வாங்கிய கையோடு எங்கள் அலுவலகத்துக்கு வரும் குடும்பங்களில் பெரும்பாலோர் கேட்பது ஒன்றே. "ஹாலிலிருந்து கிச்சன் வரை சுவரெல்லாம் எடுத்துவிடலாமா?"

எடுக்கலாம். ஆனால் பணம் முதலில் போக வேண்டிய இடம் அதுவல்ல.

தரைக்கு அடியில் போய்ப் பாருங்கள். அஸ்திவாரத்துக்கும் தரைக்கும் நடுவே குட்டையான ஒரு மரச்சுவர் வீட்டையே தாங்கி நிற்கும். பல வீடுகளில் அது கான்கிரீட்டோடு போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருக்காது. பெரிய நிலநடுக்கத்தில் வீடு அப்படியே வழுக்கி இறங்கிவிடும். போல்ட் அடித்து, உள்பக்கம் பிளைவுட் வைத்துக் கட்டினால் பெரும் சேதத்தைத் தவிர்க்கலாம். இதற்கு கலிஃபோர்னியாவின் 'எர்த்குவேக் பிரேஸ் பிளஸ் போல்ட்' திட்டத்தில் தகுதியுள்ள வீடுகளுக்கு 3,000 டாலர் வரை மானியம் உண்டு. வேலையைத் தொடங்கிவிட்டு விண்ணப்பித்தால் கிடைக்காது.

அடுத்தது வயரிங். பீங்கான் குமிழ்களில் ஓடும் அந்தக் காலத்து வயருக்கு எர்த் கிடையாது. அறை சூடாகிறதென்று பரண் முழுக்க இன்சுலேஷனைக் கொட்டி அந்த வயரை மூடிவிடுபவர்கள் உண்டு. வெப்பம் வெளியேற வழியில்லாமல் தீப்பிடிக்கும் அபாயம் அங்கேதான் தொடங்குகிறது. மின்சார காருக்கும் இண்டக்ஷன் அடுப்புக்கும் இந்த வயரிங் தாங்காது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கைக்குழந்தை இருக்கும் வீடு என்றால் நான் மிகவும் கண்டிப்பாக இருப்பது பெயிண்ட் விஷயத்தில். அமெரிக்காவில் வீட்டு பெயிண்ட்டில் ஈயத்துக்குத் தடை வந்தது 1978-ல். அதற்கு முந்தைய வீட்டில், பரிசோதிக்காமல் மணல்தாள் போட்டுத் தேய்ப்பதோ சூடுகாட்டி உரிப்பதோ கூடவே கூடாது. ஜன்னலை ஏற்றி இறக்கும்போது உரசி உதிரும் தூளே தவழும் குழந்தையின் கைக்குப் போய்ச் சேரும். இதற்கென்று சான்றிதழ் பெற்ற ஒப்பந்தக்காரரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காக ஜன்னலையே பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். வினைல் ஜன்னல் விற்க வருபவர் பழையதை 'உளுத்துப்போன மரம்' என்பார். முதிர்ந்த காட்டு மரத்தில் செய்த அந்தச் சட்டத்தின் நெருக்கமான இழை இன்றைய மரத்தில் அரிது. ஜன்னலை ஏற்றி இறக்கும் கயிறு அறுந்திருந்தால் அதை மாற்றி, பெயிண்ட்டைப் பாதுகாப்பாக நீக்கி, இடுக்குகளில் காற்றடைப்புப் பட்டை ஒட்டினால் இன்னும் பல காலம் உழைக்கும். பங்களோ ஹெவன் போன்ற பாதுகாக்கப்பட்ட வட்டாரங்களில் தெருவிலிருந்து தெரியும் ஜன்னலை மாற்ற நகராட்சியின் அனுமதியும் வேண்டியிருக்கும்.

இனி அந்தச் சுவர் கேள்வி. என் கட்சி எளிது: முன்பாதியைத் தொடாதீர்கள், பின்பாதியில் தாராளமாக விளையாடுங்கள். ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே நிற்கும் குட்டைத் தூண்கள், கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி, உத்தரம் தெரியும் கூரை ஆகியவற்றுக்குத்தானே கூடுதல் விலை கொடுத்தீர்கள்? கிச்சன் அப்படியில்லை. பெரும்பாலும் அது ஏற்கெனவே இரண்டு மூன்று முறை மாறியிருக்கும். அதையும் பின்புறத்து சலவை அறையையும் ஒன்றாக்கித் தோட்டத்தைப் பார்த்துத் திறந்துவிட்டால், நாலு பேர் நின்று சமைக்க இடம் கிடைக்கும்.

நம் வீடுகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை. கிச்சனுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே இருக்கும் சுவர் தாளிப்புப் புகைக்கு நல்ல தடுப்பு. அடுப்புக்கு மேல் காற்றை வடிகட்டி உள்ளேயே விடும் ஹூட் வேண்டாம். குழாய் வழியே வெளியே தள்ளுவதையே போடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய நூறாண்டு மரத்தைச் சுத்தம் செய்வது பெரும்பாடு, செலவும் கூட.

வரி விஷயமும் உண்டு. கலிஃபோர்னியாவில் 1972-ல் வந்த மில்ஸ் சட்டப்படி, வரலாற்றுச் சிறப்புள்ள வீட்டைப் பராமரிப்பதாக நகராட்சியோடு குறைந்தது பத்தாண்டு ஒப்பந்தம் போட்டால் சொத்து வரி குறையலாம். எல்லா ஊர்களிலும் இது நடைமுறையில் இல்லை. உங்கள் ஊரில் இருந்தால், ஒப்பந்தக்காரரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே நகராட்சியின் திட்ட அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். பிடுங்கிப் போட்ட அலமாரியைக் காட்டி இந்தச் சலுகையைக் கேட்க முடியாது.