"ரத்தத்துலயே பாத்துடுங்களேன், டாக்டர்!"

போன வாரமும் ஒருவர். நாலு நாளாகக் காய்ச்சல். அப்புறம் பேச்சு தடம் மாறியிருக்கிறது, கரண்டியை எடுத்துப் பல் துலக்கப் போயிருக்கிறார். மந்திரித்துப் பார்த்துவிட்டுத்தான் கூட்டிவந்தார்கள். மூளையில் வைரஸ் தொற்றாக இருக்கலாம், முதுகில் நீர் எடுத்து, வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனை பார்க்க வேண்டும் என்றேன். அவருடைய அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். "முதுகுல மட்டும் கை வைக்காதீங்க, கால் விழுந்துடும். ரத்தத்துலயே பாத்துடுங்களேன்."

ரத்தத்தில் தெரியாது ஐயா. உதட்டோரம் கொப்புளம் போடும் அதே ஹெர்ப்பிஸ் வைரஸ்தான் இப்படி மூளையையும் தாக்கும். அதை எதிர்க்க உடம்பு தயாரிக்கும் எதிர்ப்பொருள் பெரியவர்களில் பெரும்பாலோர் ரத்தத்தில் இருக்கும், எனக்கும் இருக்கலாம். மூளையில் இன்று நடப்பதை அந்த 'பாசிட்டிவ்' ரிப்போர்ட் சொல்லாது. தண்டுவட நீரில் வைரஸின் டி.என்.ஏ. கிடைக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் மண்டையோட்டைத் திறந்து, மூளையிலிருந்து துணுக்கு எடுத்து இதை உறுதிசெய்தார்கள். 1990களில் பி.சி.ஆர். அந்த வேலையைச் சில மில்லி நீரில் முடித்துவிட்டது.

சரி, கால் விஷயத்துக்கு வருவோம். பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்புப் பகுதியின் முதல் அல்லது இரண்டாவது முள்ளெலும்போடு முடிந்துவிடும். நாங்கள் ஊசி போடுவது அதற்கும் கீழே. அங்கே நரம்பிழைகள் நீரில் மிதக்கின்றன, ஊசிக்கு விலகிக்கொடுக்கும். எடுத்த நீரும் சில மணி நேரத்தில் ஊறிவிடும். உடம்பு நாளொன்றுக்கு அரை லிட்டர் சுரக்கிறது. சிலருக்குச் சில நாள் தலைவலி இருக்கும், அதை மறைக்கவில்லை. சிசேரியனுக்கு மரத்துப்போக ஊசி போடுவதும் கிட்டத்தட்ட இதே இடத்தில்தான். அந்த அண்ணனுக்குப் பக்கத்திலேயே, இரண்டு சிசேரியன் முடிந்த தங்கை நின்றுகொண்டிருந்தார், இரண்டு காலிலும்! அப்படியானால் ஊரில் சொல்லும் கதைகள்? நோய் முற்றியவருக்கு ஊசி போடுகிறோம், நோய் காலை முடக்குகிறது, பழி ஊசிக்கு.

உண்மையான ஆபத்து மூளையில் அழுத்தம் ஏறியிருந்தாலோ, ரத்தம் உறையாமல் போனாலோதான். அப்போது நாங்களே தள்ளிப்போடுவோம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதை மட்டும் மறைக்காதீர்கள்.

இளம் டாக்டர்களுக்கு ஒரு வார்த்தை: முதல் இரண்டு மூன்று நாளில் பி.சி.ஆர். நெகட்டிவ் வரலாம். சந்தேகம் இருந்தால் இந்த வைரஸுக்கான மருந்தான அசைக்ளோவிரை நிறுத்தாமல், சில நாள் கழித்துத் திரும்ப எடுங்கள். ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்து மருந்தைத் தாமதிக்கவும் வேண்டாம்.

காய்ச்சலோடு பேச்சோ நடத்தையோ மாறினால், வலிப்பு வந்தால், அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். மந்திரிப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். மருந்தில்லாமல் விட்டால் பத்தில் ஏழு பேர் பிழைப்பதில்லை. பிழைத்தவர்களில் பலருக்கும் ஞாபகமறதி தங்கிவிடுகிறது. தயவுசெய்து, ஐந்தாம் நாள் ஆள் எழுந்து உட்கார்ந்ததும் "மாத்திரையா எழுதிக் குடுங்க, வீட்டுல பாத்துக்கறோம்" என்று மட்டும் கேட்காதீர்கள். இந்த மருந்து 14 முதல் 21 நாள் ரத்தக்குழாய் வழியாகவே ஏற வேண்டும்; அசைக்ளோவிர் மாத்திரையாகப் போனால் மூளைக்கு வேண்டிய அளவு போய்ச் சேராது.