கேள்வி மாறினால் ஓவியமும் மாறும்

மெலிந்த ஒரு மனிதர், நைந்த கோட்டுடன் அறைக்குள் நுழைகிறார். நாற்காலியிலிருந்து எழும் முதியவள் நமக்கு முதுகு காட்டுகிறாள். பியானோ முன் இருக்கும் பெண் திகைத்துத் திரும்புகிறாள். மேசையருகே ஒரு பையன், ஒரு சிறுமி. ரஷ்ய ஓவியர் இல்யா ரெபின் 1884 முதல் 1888 வரை வரைந்த 'எதிர்பாராத வருகை' இது. மாஸ்கோ திரெத்யாகோவ் கலைக்கூடத்தில் இருக்கிறது.

இந்தக் கதை நமக்கு எப்படிப் புரிகிறது? நம் கண் முழு ஓவியத்தையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்ப்பதில்லை. விழித்திரையின் நடுவில் உள்ள சின்னக் குழிப் பகுதிதான் கூர்மையாகப் பார்க்கும். கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் எவ்வளவு தெரியுமோ, ஏறத்தாழ அவ்வளவுதான் அதன் எல்லை. அதனால் கண் நொடிக்கு மூன்று நான்கு முறை தாவித் தாவி ஓவியத்தைத் துண்டு துண்டாகச் சேர்க்கிறது.

சரி, எங்கே தாவுவது என்று யார் முடிவு செய்கிறார்கள்? சோவியத் விஞ்ஞானி அல்ஃப்ரெட் யார்பஸ் இதே ஓவியத்தை வைத்துத்தான் அதைச் சோதித்தார். ஒளியைத் திருப்பும் குட்டிக் கண்ணாடி பொருத்திய மூடியைக் கண்ணில் ஒட்டி, பார்வை போகும் தடத்தைப் பதிவு செய்தார். 'இவர்களுக்கு என்ன வயது?' என்று கேட்டபோது பார்வை முகங்களில் நின்றது. 'குடும்பத்தின் வசதி எப்படி?' என்றதும் உடைகளுக்கும் அறைப் பொருட்களுக்கும் போனது. 'வந்தவர் எவ்வளவு காலம் வெளியே இருந்தார்?' என்றபோது முகத்துக்கு முகம் அலைந்தது. பார்த்தவர் ஒருவரே, ஓவியமும் ஒன்றே. எனக்கு இன்றும் வியப்பு தரும் சோதனை இது.

கடைசிக் கேள்விக்கு விடை பிள்ளைகளிடம் இருக்கிறது. பையன் முகம் மலர்கிறது, அவனுக்கு அப்பாவை நினைவிருக்கிறது. சிறுமியோ அந்நியரைப் பார்ப்பது போல மிரள்கிறாள். அவர் போனபோது அவள் கைக்குழந்தையாக இருந்திருக்க வேண்டும்.

எங்கே போனார்? அதற்குச் சுவரைப் பார்க்க வேண்டும். ரஷ்யப் பேரரசரான ஜாரின் ஆணையால் நாடுகடத்தப்பட்ட கவிஞர் தராஸ் ஷெவ்சென்கோவின் படம், விவசாயிகளின் துயரைப் பாடிய நெக்ராசோவின் படம், நடுவே, சிலுவையில் அறையப்பட்ட இடமான கொல்கொதாவில் இயேசு இருக்கும் காட்சி. இன்னொரு பக்கம், 1881இல் புரட்சியாளர்களின் குண்டுக்குப் பலியான ஜார் இரண்டாம் அலெக்சாந்தர் மரணப்படுக்கையில். வந்தவர் அரசியல் கைதி என்று எங்கும் எழுதவில்லை, சுவர் சொல்லிவிடுகிறது. தனித்தனியாகப் பார்த்தால் இவை வெறும் அலங்காரம்தான். அவர் முகத்தோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் தியாகமா குற்றமா என்ற கேள்வி எழுகிறது.

அந்த முகத்தைத்தான் ரெபின் பலமுறை மாற்றி வரைந்தார். கடைசியில் அவர் விட்டுவைத்தது வீரனின் முகத்தை அல்ல, வீட்டார் தன்னை ஏற்பார்களா என்று தயங்கி நிற்பவனின் முகத்தை.