‘எழுந்திருப்பேன்’: மூன்று ஆங்கிலத்துக்கு ஒரே தமிழ்ச் சொல்

ஐந்து நிமிடம் தடுமாறாமல் ஆங்கிலத்தில் பேசுகிற மாணவரிடம் அவருடைய அன்றாடப் பழக்கம் ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள். ‘ஐ யூஸ்டு டு கெட் அப் அட் ஃபைவ்’ என்பார். இன்று காலையும் ஐந்துக்குத்தான் எழுந்தார். ஆனால் கேட்கிற வெளிநாட்டுக்காரருக்கு, இவர் அந்தப் பழக்கத்தை எப்போதோ விட்டுவிட்டார் என்றுதான் புரியும். வேலைக்கான நேர்காணலில் ‘ஐ யூஸ்டு டு ஹேண்டில் கிளையன்ட் கால்ஸ்’ என்று சொன்னால், அந்தப் பொறுப்பு இப்போது இவரிடம் இல்லை என்றே எதிரில் இருப்பவர் எடுத்துக்கொள்வார். இலக்கணத் தவறு எதுவும் இல்லாததால் யாரும் திருத்துவதுமில்லை. பி2, சி1 எனப்படும் உயர் மொழித்திறன் நிலைகளுக்கு வந்த பிறகும் இது கூடவே வருவதற்கு அதுதான் காரணம்.

வேர் தமிழில் இருக்கிறது. ‘தினமும் அஞ்சு மணிக்கு எழுந்திருப்பேன்’ என்றால் இப்போதைய பழக்கம். ‘காலேஜ் படிக்கிறப்போ அஞ்சு மணிக்கே எழுந்திருப்பேன்’ என்றால் பழைய பழக்கம். ‘நாளைக்கு அஞ்சு மணிக்கு எழுந்திருப்பேன்’ என்றால் எதிர்காலம். மூன்றிலும் வினை மாறவில்லை. முன்னால் வரும் காலச்சொல்லே வேலையை முடித்துவிடுகிறது. ஆங்கிலத்தில் வினையும் மாறியாக வேண்டும். மாணவர் ‘எழுந்திருப்பேன்’ என்பதை அப்படியே பெயர்த்தால் ‘ஐ வில் கெட் அப் டெய்லி’ வரும். ‘எழுவது வழக்கம்’ என்று நினைத்துப் பெயர்த்தால் ‘யூஸ்டு டு’ வரும்.

எனவே பழக்கம், குறிக்கோள் பற்றிப் பேசக் கற்றுத்தரும் பாடத்தைத் தமிழிலேயே தொடங்கலாம். இந்த மூன்று வாக்கியங்களையும் பலகையில் எழுதி, ஒவ்வொன்றின் கீழும் ஒரு கட்டம் போட்டு, அதில் ஆங்கிலத்தை மாணவர்களையே நிரப்பச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும். முதல் கட்டத்தில் ‘ஐ கெட் அப்’, ‘ஐ டெண்ட் டு கெட் அப்’. இரண்டாவதில் ‘யூஸ்டு டு’, ‘வுட்’. மூன்றாவதில் ‘கோயிங் டு’ வகையறா. அன்றைய வகுப்பு முடியும்வரை பலகையை அழிக்க வேண்டாம்.

இரண்டாவது கட்டத்தில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். ‘வுட்’ திரும்பத் திரும்ப நடந்த செயலுக்கு மட்டுமே வரும், நிலைக்கு வராது. ‘ஐ யூஸ்டு டு பி ஷை’ சரி. அதையே ‘ஐ வுட் பி ஷை’ என்று சொன்னால் பழைய சுபாவம் என்ற பொருள் கிடைக்காது. அதோடு, எந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். முதல் வாக்கியத்தில் ‘யூஸ்டு டு’ போட்டுக் காலத்தை ஊன்றிவிட்டு, அடுத்தடுத்த வாக்கியங்களில் ‘வுட்’ போடச் சொல்லுங்கள்: ‘ஐ யூஸ்டு டு லிவ் இன் எ ஹாஸ்டல். வீ வுட் ஸ்டே அப் டில் டூ அண்ட் மிஸ் பிரேக்ஃபாஸ்ட்.’ இந்த ஓட்டம் வந்ததும் பேச்சே வேறு மாதிரி ஒலிக்கும். ‘ஐயாம் யூஸ்டு டு கெட்டிங் அப் எர்லி’ என்பது இதோடு சேராத தனிச் சரக்கு: எனக்கு அது பழகிப்போய்விட்டது என்று பொருள். பின்னால் ‘கெட்’ வராது, ‘கெட்டிங்’தான்.

உச்சரிப்பிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ‘பயன்படுத்தினேன்’ என்ற பொருளில் வரும் ‘யூஸ்டு’வில் வண்டு ரீங்கரிப்பது போன்ற ஒலி, பழக்கத்தைச் சொல்லும் ‘யூஸ்டு டு’வில் பாம்பு சீறுவது போன்ற ஒலி. தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பார்த்தால் முதலாவதில் அதிர்வு தெரியும்.

அதே சமயம், பழக்கத்துக்கு ‘வில்’ வரவே வராது என்று சொல்லிவிடாதீர்கள். ‘ஷீ’ல் சிட் தேர் ஃபார் அவர்ஸ்’ என்று ஒருவரின் இயல்பைச் சொல்ல ஆங்கிலேயரும் அதைப் பயன்படுத்துவார்கள். ‘வில்’லை அழுத்திச் சொன்னால் எரிச்சல் தொனிக்கும். ‘ஹீ இஸ் ஆல்வேஸ் லூசிங் ஹிஸ் கீஸ்’ என்பதிலும் பெரும்பாலும் அதே எரிச்சல்தான். எரிச்சல் எதுவும் இல்லாத சாதாரணப் பழக்கத்துக்கு ‘ஐயாம் வாக்கிங் டெய்லி’ என்று நம்மவர்கள் சொல்வதை இங்கேயே எடுத்துப் பேசிவிடலாம்.

குறிக்கோள் பகுதி இதைவிட எளிது. ‘ஐ வில் டூ எம்பிஏ’ என்றால் இந்த நொடியில் தோன்றிய முடிவு போலக் கேட்கும். தீர்மானித்து வைத்திருப்பதற்கு ‘ஐயாம் கோயிங் டு’, ‘ஐயாம் பிளானிங் டு’. குறிக்கோளை ‘கீப்’ பண்ணுவதில்லை, ‘செட்’ பண்ணுகிறோம். பழக்கத்தை ‘லீவ்’ பண்ணுவதில்லை, ‘பிரேக்’ அல்லது ‘கிவ் அப்’. ‘மார்ச்சுக்குள்’ என்பது ‘விதின் மார்ச்’ ஆகிவிடுகிறது. வேண்டியது ‘பை மார்ச்’. ‘பை மார்ச், ஐ’ல் ஹேவ் ஃபினிஷ்டு த கோர்ஸ்’ என்பதை வாய் பழகும்வரை சொல்ல வைக்க வேண்டும்.

ஒரு நல்ல பயிற்சி உளவியலிலிருந்து கிடைக்கிறது. பீட்டர் கோல்விட்சர் 1999-இல் விரித்து எழுதிய கருத்து: ‘உடற்பயிற்சி செய்வேன்’ என்று பொதுவாக நினைப்பதைவிட, ‘இன்னது நடந்தால் இன்னது செய்வேன்’ என்று முடிச்சுப் போட்டுக்கொள்பவர்கள் சொன்னதைச் செய்யும் வாய்ப்பு அதிகம். இலக்கணத்துக்கு இது அப்படியே பொருந்துகிறது: ‘வென் ஐ கெட் ஹோம், ஐ’ல் புட் ஆன் மை ஷூஸ்.’ இங்கே வழக்கமாக வரும் தவறு ‘வென் ஐ வில் கெட் ஹோம்’. ‘வீட்டுக்குப் போனதும்’ என்னும்போது தமிழிலும் எதிர்காலம் இல்லை என்று காட்டினால் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

விவாதத்துக்கு 21 நாள் நம்பிக்கையை எடுங்கள். 21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று பலரும் சொல்வார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரை வைத்து நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வில் 18 நாள் முதல் 254 நாள் வரை என்று கணக்கு வந்தது, நடுமதிப்பு 66. வகுப்பில் உடனே இரண்டு கட்சி உருவாகும், எல்லோரிடமும் சொல்ல ஏதாவது இருக்கும்.

கேள்வி அகலமாக இருந்தால் பேச்சு செத்துவிடும். ‘வாழ்க்கையில் உங்கள் குறிக்கோள் என்ன’ என்றால் ‘ஐ வாண்ட் டு பி சக்சஸ்ஃபுல்’ என்பதோடு முடிந்தது. ‘கடந்த ஓராண்டில் விட்ட ஒரு பழக்கம், அதன் இடத்தில் இப்போது செய்வது, அடுத்த ஆறு மாதத்தில் மாற்ற நினைப்பது’ என்று அட்டையில் எழுதிக் கொடுங்கள். பலகையில் உள்ள மூன்று கட்டமும் தானாக வரும். அதே பேச்சை மூன்று வெவ்வேறு துணையிடம் நான்கு, மூன்று, இரண்டு நிமிடங்களில் சொல்ல வைத்தால் மூன்றாவது முறை தயக்கம் குறைவது காதில் விழும். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில், பேச்சுத் தேர்வின் இரண்டாம் பகுதியில் ஒரு நிமிடத் தயாரிப்பும் இரண்டு நிமிடம் வரை பேச்சும்தான் என்பதால் அதற்கும் இது உதவும்.

பெரியவர்களின் பழக்கம் என்பது அவர்களது அந்தரங்கம். குடி, உடல் எடை, கல்யாணம், தேர்வில் தோற்றது ஆகியவை வட்டத்தில் உட்கார வைத்துக் கேட்கும் விஷயங்கள் அல்ல. ‘உங்களைப் பற்றியோ, தெரிந்தவரைப் பற்றியோ, கற்பனை மனிதரைப் பற்றியோ பேசலாம்’ என்று அட்டையிலேயே எழுதிவிடுங்கள். மற்றவரைப் பற்றிப் பேசும்போது ‘ஷீ கோ’ என்று வினைக்குப் பின்னால் வர வேண்டிய ‘ஸ்’ விழுந்துவிடுவதும் வெளியே தெரியும்.

பேசும்போது குறுக்கிடாமல் தவறுகளைக் குறித்துக்கொண்டு, கடைசிப் பத்து நிமிடத்தில் ஆறு வாக்கியங்களைப் பெயர் இல்லாமல் பலகையில் எழுதுங்கள். அதில் இரண்டு சரியானவையாக இருக்கட்டும். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு திருத்துவார்கள்.

இரண்டு வாரம் கழித்து அதே அட்டையை மறுபடி கொடுங்கள். அன்று ‘ஐயாம் கோயிங் டு ஸ்டார்ட் வாக்கிங்’ என்றவர் இன்று ‘ரெண்டு வாரமா நடக்கிறேன்’ என்று சொல்ல வேண்டும். வாயில் வருவது ‘ஐயாம் வாக்கிங் சின்ஸ் டூ வீக்ஸ்’. ‘ஐ’வ் பீன் வாக்கிங் ஃபார் டூ வீக்ஸ்’ என்பதற்கு, பலகையில் நான்காவது கட்டத்தை அன்றைக்குப் போடலாம்.