புள்ளி மறைந்தால் மீன் பிழைத்துவிட்டது என்று அர்த்தமில்லை

பவுடர் ப்ளூ டாங் என்று ஒரு மீன் இருக்கிறது. மாலத்தீவு, இலங்கை, அந்தமான் பக்கத்துப் பவளப்பாறைகளில், ஆழமில்லாத நீரில் கூட்டமாகப் பாசி மேயும் இந்தியப் பெருங்கடல் மீன், நமக்குக் கிட்டத்தட்டப் பக்கத்து வீடு. உடம்பு முழுக்க வெளிர் நீலம், முகம் கறுப்பு, தொண்டையில் வெள்ளைப் பட்டை, முதுகுத் துடுப்பு எலுமிச்சை மஞ்சள். கடைத் தொட்டியில் அதைப் பார்த்துவிட்டுப் பர்ஸைத் தொடாமல் வெளியே வருவது கஷ்டம். எனக்கும் முடியவில்லை. வாங்கி வந்து, பையை அரை மணி நேரம் மிதக்கவிட்டு, நேராகப் பெரிய தொட்டிக்குள் விட்டுவிட்டேன். நாலாம் நாள் துடுப்பில் உப்புத் தூவியதுபோல் பத்துப் பன்னிரண்டு வெள்ளைப் புள்ளிகள். யாரோ சொன்னார்கள் என்று பூண்டுச்சாற்றில் ஊறவைத்த தீனி போட்டேன். ஏழாம் நாள் காலையில் ஒரு புள்ளிகூட இல்லை. பூண்டு வேலை செய்துவிட்டது என்று நண்பர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னேன். அடுத்த பத்து நாளில் டாங் போனது, அதோடு கோமாளி மீன் ஜோடியைத் தவிர தொட்டியில் இருந்த எல்லாமே போனது.

நான் கொண்டாடியது மீன் குணமானதை இல்லை. ஒட்டுண்ணி வயிறாரச் சாப்பிட்டு முடித்துக் குட்டி போடக் கிளம்பியதை.

அதன் பெயர் கிரிப்டோகாரியான் இரிட்டன்ஸ். உடம்பெல்லாம் நுண்மயிர் கொண்ட ஒற்றைச் செல் உயிரி. நன்னீர் மீன்களுக்கு வரும் வெள்ளைப்புள்ளி நோயும் பார்க்க அப்படியே இருக்கும், ஆனால் அதை உண்டாக்கும் உயிரி வேறு, இரண்டுக்கும் நெருங்கிய உறவுகூடக் கிடையாது. தங்கமீன் வளர்த்துப் பழகியவர்கள் கடல்மீனுக்கு மாறும்போது ஹீட்டரைக் கூட்டி வைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்துக் கோட்டை விடுவது இங்கேதான். கடல் ஒட்டுண்ணிக்குத் தொட்டி தாங்கும் அளவு வெப்பம் ஒரு பொருட்டே இல்லை, சொல்லப்போனால் அதன் வேலை இன்னும் வேகமாகத்தான் நடக்கும்.

வெளியே தெரியும் வெள்ளைப் புள்ளி என்பது தோலின் மேல் ஒட்டியிருப்பதில்லை. தோலின் மேலடுக்குக்குள் புகுந்து, அங்கேயே சுற்றிச் சுற்றித் திசுவைத் தின்னும் நிலை அது. 3 முதல் 7 நாள் வரை மீனுக்குள் இருக்கும். அங்கே இருக்கும்வரை நீரில் கலக்கிற மருந்து எதுவும் அதை அவ்வளவாகத் தொடாது, தலைக்கு மேல் மீனின் தோலே கூரையாக இருக்கிறது. பிறகு கொழுத்துப்போய் மீனை விட்டுவிட்டு அடியில் விழும். அந்த நாளில்தான் புள்ளி "மறைகிறது". விழுந்தது மணலிலோ கல்லிலோ கண்ணாடி ஓரத்திலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றிக் கெட்டியான உறை போட்டுக்கொண்டு, உள்ளே இரண்டு, நான்கு, எட்டு என்று பிளக்க ஆரம்பிக்கும். ஒரு உறையிலிருந்து 200 வரை புதிய குஞ்சுகள் வெளியே வரலாம். இந்த நீந்தும் குஞ்சுகளுக்கு ஆயுள் ஒன்றிரண்டு நாள்தான், அதிலும் முதல் சில மணி நேரத்துக்குள் மீன் கிடைக்காவிட்டால் துளைத்து நுழையும் தெம்பு வேகமாகக் குறைந்துவிடும்.

இதில் எனக்குப் பிடித்த, அதாவது பிடிக்காமல் பிடித்த விஷயம் அதன் நேரக் கணக்கு. மீனை விட்டு இறங்குவதும் உறையை உடைத்து வெளியேறுவதும் பெரும்பாலும் இருட்டில், விடியலை ஒட்டிய நேரத்தில் நடக்கும். பவளப்பாறை மீன்கள் இரவில் ஏதாவது ஒரு பொந்தில் தூங்கும், மறுநாளும் அதே பொந்துக்கோ அதன் பக்கத்துக்கோ வரும். படுக்கையிலேயே முட்டை வைத்துவிட்டுப் போகும் மூட்டைப்பூச்சி மாதிரிதான் இதுவும், மீன் தூங்கும் இடத்திலேயே இறங்கி, மீன் தூங்கும் நேரத்தில் எழுந்திருக்கிறது. அப்படியும் கடல் பெரியது, நீரோட்டம் அடித்துக்கொண்டு போகும், நூற்றில் ஒன்று மீனைக் கண்டுபிடித்தாலே அதிகம். அதனால் கடலில் இது மீன்களை மொத்தமாகக் கொல்வது அபூர்வம். 300 லிட்டர் கண்ணாடிப் பெட்டிக்குள் எந்தப் பக்கம் நீந்தினாலும் மீன் அகப்படும். பத்து புள்ளி போய் ஒரு வாரத்தில் ஆயிரம் புள்ளி வருவது இப்படித்தான், பூண்டுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

சரி, உப்புத் துகள் அளவு ஓட்டைகள் எப்படி ஒரு மீனைக் கொல்லும்? கடல்மீனின் ரத்தத்தில் இருக்கும் உப்பு, சுற்றியிருக்கும் கடல்நீரின் உப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஊறுகாய்க்கு உப்புப் போட்ட மாங்காய் நீர் விடுவதுபோல், கடல்மீனின் உடம்பிலிருந்து நீர் ஓயாமல் வெளியே போய்க்கொண்டே இருக்கிறது. கடலுக்குள் இருந்துகொண்டே அதற்குத் தாகம். அதனால் கடல்நீரைக் குடிக்கிறது, குடித்த உப்பைச் செவுளில் இருக்கும் தனிச் செல்களால் வெளியே தள்ளுகிறது, இதற்கே சக்தி நிறையச் செலவாகிறது. தோலும் அதன் மேலுள்ள வழவழப்பும்தான் இந்தக் கசிவைத் தடுக்கும் சுவர். ஒட்டுண்ணி அந்தச் சுவரில் நூற்றுக்கணக்கில் துளை போடுகிறது, செவுளிலும் போடுகிறது, மூச்சு விடும் இடமும் உப்பைத் தள்ளும் இடமும் ஒரே நேரத்தில் பழுதாகின்றன. வெளியே பத்து புள்ளி தெரிகிறது என்றால் செவுளுக்குள் அதைவிட அதிகமாக இருக்கலாம், அதை நாம் பார்க்கவே மாட்டோம். டாங் வகை மீன்கள் நாள் முழுக்க நிற்காமல் நீந்துபவை, அதற்கேற்ற பிராணவாயு வேண்டும், ஆகவே செவுள் கெட்டால் முதலில் விழுவதும் அவைதான்.

இந்த ஓயாத நீந்தல்காரனைப் பிடித்து ஒரு பையில் போடுகிறார்கள். பையை அழுக்காக்காமல் இருக்க ஒன்றிரண்டு நாள் பட்டினி போட்டுத்தான் கட்டுவார்கள். பிடித்தவர், சேகரிப்பவர், ஏற்றுமதியாளர், மொத்த வியாபாரி, கடை என்று ஒவ்வொரு கையிலும் வேறு நீர், வேறு உப்பு அளவு, வேறு தொட்டிக் கூட்டாளிகள். கடல் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை இன்றும் கடலிலிருந்து பிடிக்கப்படுபவைதான். கோமாளி மீன் போன்ற சிலவற்றைத்தான் பண்ணையில் பொரிக்கவைக்க முடிகிறது, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையமே அதைச் செய்திருக்கிறது. பிலிப்பைன்ஸில் 1960களிலிருந்து சயனைடைப் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் பழக்கமும் உண்டு, அப்படிப் பிடித்த மீன் கடையில் நன்றாகவே தெரிந்துவிட்டு வீட்டுக்கு வந்தபின் சாகலாம். எனவே நம் கைக்கு வரும் மீன் ஏற்கெனவே பாதி அடிபட்டது என்று வைத்துக்கொள்வதே நல்லது.

பையைத் திறக்கும் இடத்தில் ஒரு வேதியியல் பொறி இருக்கிறது. பைக்குள் மீன் விடும் கரியமில வாயு நீரில் கரைந்து அமிலத்தன்மையைக் கூட்டும், கடல்நீரில் 8.2 பக்கம் இருக்க வேண்டிய பிஎச் 7க்குக் கீழேகூட இறங்கலாம். அதே நேரம் மீன் வெளியேற்றும் அமோனியாவும் சேர்ந்துகொண்டே போகும். பிஎச் குறைவாக இருக்கும்வரை அது அம்மோனியம் என்ற, அவ்வளவு கெடுதல் செய்யாத வடிவத்தில் அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் கரியமில வாயு பறக்கிறது, பிஎச் ஏறுகிறது, ஒரு எண் ஏறினால் விஷ வடிவ அமோனியா ஏறக்குறைய பத்து மடங்காகிறது. மீன் மெதுவாகப் பழகட்டும் என்று திறந்த பையில் இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாக நீர் விடுகிறவர்கள் அந்த இரண்டு மணி நேரமும் மீனை விஷத்தில்தான் ஊறப்போடுகிறார்கள். கடைக்காரரிடம் அவர் தொட்டியின் உப்பு அளவை முதலிலேயே கேட்டு, புது மீனைப் பெரிய தொட்டியில் விடும் முன் தனியாக வைத்துக் கவனிக்கும் தனித் தொட்டியின் நீரை அதே அளவுக்குத் தயார் செய்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. பையை மூடியபடியே மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சமமாக்கி, திறந்த உடனே மீனை மட்டும் எடுத்து மாற்றிவிடலாம். பைத் தண்ணீர் சாக்கடைக்கு. உப்புக் குறைவான நீரிலிருந்து உப்பு அதிகமான நீருக்கு ஒரே நாளில் மாற்றக் கூடாது, மேலே சொன்ன தாகக் கணக்கு அப்படியே மீன்மேல் விழும். சில நாள் எடுத்து ஏற்ற வேண்டும்.

கடைத் தொட்டி ஏன் உப்புக் குறைவாக இருக்கும் என்றால், உப்புச் செலவு மிச்சமாகும், ஒட்டுண்ணியும் கொஞ்சம் அடங்கும். சில கடைகளில் ஒட்டுண்ணிக்கான காப்பர் (செம்பு) மருந்தும் லேசாக ஓடிக்கொண்டிருக்கும். மீனுக்கும் முன்பு பட்ட நோயால் ஓரளவு எதிர்ப்புச் சக்தி வந்திருக்கலாம். என் கோமாளி மீன்கள் தப்பியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆகப் புள்ளி இல்லாத மீன் என்பதற்குக் கடையில் எந்த மதிப்பும் இல்லை. நான் இப்போது பார்ப்பது வேறு. தலைக்குப் பின்னால், முதுகின் மேல்பக்கம் ஒட்டிப்போயிருக்கிறதா, வயிறு உள்வாங்கியிருக்கிறதா, இரண்டு செவுளும் அசைகின்றனவா, பம்ப் தள்ளும் நீரோட்டத்துக்கு முகம் கொடுத்து அசையாமல் நிற்கிறதா (இந்தக் கடைசி அறிகுறி மிகக் கெட்ட அறிகுறி, வெல்வெட் என்கிற இன்னொரு நோயாக இருக்கலாம், அது சில நாளிலேயே கொன்றுவிடும்). அப்புறம், என் கண் முன்னால் சாப்பிட வேண்டும். சாப்பிடாத மீனை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்குவதில்லை. முன்பணம் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டுப் பார்க்கலாம், நல்ல கடைக்காரர் ஒத்துக்கொள்வார்.

தனித் தொட்டி பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். மணல் கிடையாது, கல் கிடையாது, ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டுகள், ஹீட்டர், ஸ்பாஞ்ச் ஃபில்டர், அவ்வளவுதான். பவளக் கல்லும் மணலும் சுண்ணாம்பு, காப்பரை உறிஞ்சிக்கொண்டு அளவைக் கெடுக்கும். ஸ்பாஞ்சை மட்டும் சில வாரம் முன்பே பெரிய தொட்டியில் போட்டு ஊறவைக்க வேண்டும், அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா அதில் குடியேறட்டும். இதைச் செய்யாமல் மீனை விட்டால் ஒட்டுண்ணிக்கு வேலை வைக்காமல் அமோனியாவே முடித்துவிடும்.

காப்பர் கொல்வது நீந்தும் குஞ்சை மட்டும். தோலுக்குள் இருப்பதையும் உறைக்குள் இருப்பதையும் தொடாது. அதனால்தான் அளவு ஒரு நாளும் குறையாமல், வழக்கமாக 30 நாள், வைத்திருக்கச் சொல்கிறார்கள், எல்லாமே என்றாவது குஞ்சாக வெளியே வந்தே தீர வேண்டும், வரும் நேரம் மருந்து இருக்க வேண்டும். இடையில் ஒரு நாள் அளவு இறங்கிவிட்டால் எண்ணிக்கையைப் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். கம்பெனிக்குக் கம்பெனி தேவையான அளவு பத்து மடங்குகூட மாறுபடும், சிலவற்றுக்கு 0.2 பிபிஎம் (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) பக்கம், சிலவற்றுக்கு 2க்கு மேல், எனவே டப்பாவில் போட்டிருப்பதுதான் கணக்கு, அதற்கேற்ற டெஸ்ட் கிட்டும் அவசியம். காப்பர் இருக்கும் நீரில் அமோனியாவைக் குறைக்கும் திரவத்தை ஊற்றாதீர்கள், அவற்றில் பல காப்பரை இன்னும் கொடிய வடிவத்துக்கு மாற்றிவிடும். இறால், நத்தை, பவளம் இருக்கும் தொட்டியில் காப்பர் ஒரு சொட்டும் கூடாது.

மருந்தே இல்லாத வழியும் ஒன்று உண்டு, எனக்கு அதுதான் அழகாகத் தெரிகிறது. உறை போட்ட ஒட்டுண்ணி குஞ்சு பொரிக்கக் குறைந்தது 3 நாள் வேண்டும். அப்படியானால் ஒவ்வொரு 72 மணி நேரத்துக்கும் மீனை முழுக்கக் காய்ந்த, புதிய நீர் நிரப்பிய இன்னொரு தொட்டிக்கு மாற்றிக்கொண்டே போனால்? இறங்கியவை பழைய தொட்டியில் கிடக்கும், அவை பொரிக்கும்போது மீன் அங்கே இருக்காது. மீன்மேல் எதுவும் 7 நாளுக்குமேல் தங்காது என்பதால், ஓரிரு முறை கூடுதலாகச் சேர்த்து நான்கு முறை மாற்றினால் தீர்ந்தது கதை. இரண்டு பிளாஸ்டிக் டப் போதும், ஒன்றில் மீன், மற்றது கழுவி வெயிலில். ஆனால் இது வெள்ளைப்புள்ளிக்கு மட்டும்தான், வெல்வெட்டின் நேரக் கணக்கு வேறு.

நோய் வந்துபோன பெரிய தொட்டியையும் மறக்கக் கூடாது. எல்லா உறைகளும் ஒரே நாளில் பொரிப்பதில்லை, பெரும்பாலானவை சில வாரத்துக்குள் பொரித்துவிடும், ஆய்வகத்தில் 72 நாள் வரை காத்திருந்தவையும் பதிவாகியிருக்கின்றன. 76 நாள் மீனே இல்லாமல் தொட்டியை விடச் சொல்லும் கணக்கு அங்கிருந்து வந்தது. பவளமும் நத்தையும் உள்ளேயே இருக்கலாம், அவற்றை இந்த ஒட்டுண்ணி தின்னாது.

நானும் அப்படித்தான் விட்டேன். கோமாளி ஜோடி டப் டப்பாக மாறி மாறி 12 நாள் கழித்துவிட்டு, மீதி நாளைச் சமையலறை ஓரத்துப் பெட்டியில் ஓட்டியது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் வெறும் கல்லும் தண்ணீரும் உள்ள தொட்டிக்கு எதற்கு லைட் போட்டு வைத்திருக்கிறாய் என்று கேட்டார்கள். இப்போது அந்தப் பெட்டியில் இன்னொரு பவுடர் ப்ளூ இருக்கிறது, இன்று 19ஆம் நாள், காப்பர் ஆரம்பித்ததும் இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டது, நேற்றிலிருந்து குழாயில் ரப்பர் பேண்டால் கட்டிவைத்த நோரியை, அதாவது காய்ந்த கடற்பாசித் தாளை, பிய்த்துத் தின்கிறது. பெட்டிக்குத் தனி வலை, தனி வாளி. கை நனைந்திருந்தால் பெரிய தொட்டிப் பக்கம் போகும் முன் துடைத்துக் காயவைத்துக்கொள்கிறேன்.