ஆர்பிஎஸ்கே: ஸ்கூல் பிள்ளைங்களுக்கு இலவசமா கிடைக்க வேண்டிய மனநல உதவி, அதுக்கு நம்மள சுத்த விடுற இடங்கள்

எங்க ஏரியாவுல சாயங்காலம் அஞ்சுல இருந்து ஏழு வரைக்கும் பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுக்குறேன். பாடம்னு பேருதான், பாதி நேரம் வேற வேலதான் ஓடும். ஸ்கூல்ல பகல் முழுக்க வாய மூடிட்டு உக்காந்திருந்த பிள்ள இங்க வந்துதான் அழும், அடிக்கும், இல்லன்னா மூலைய பாத்து சுருண்டுக்கும். மூணாவது படிக்குற ஒரு பையன், போர்டுல இருக்குறத பாத்து எழுதச் சொன்னா எழுதுவான், அழிப்பான், திரும்ப எழுதுவான், அழிப்பான், ரப்பர் போட்டு தேச்சு தேச்சு நோட்டே கிழிஞ்சு போனதும் அந்தக் கிழிசல் மேல கைய வச்சு மறைச்சுக்குவான். ஸ்கூல்ல அவன் சோம்பேறி, வீட்டுல அடங்காதவன். அவங்க அம்மா ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போறவங்க, லீவு போட்டா அன்னைக்கு சம்பளம் கிடையாது. அந்த அக்கா அஞ்சு நாள் சம்பளத்த விட்டுட்டு அலைஞ்சத கூடவே இருந்து பாத்ததாலதான் இத எழுதுறேன்.

திட்டம் என்னன்னு சுருக்கமா சொல்லிடுறேன். ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம், எல்லாரும் சொல்றது ஆர்பிஎஸ்கே. 2013 பிப்ரவரில மத்திய அரசு ஆரம்பிச்சது, பொறந்ததுல இருந்து 18 வயசு வரைக்கும். டாக்டர், நர்ஸ் எல்லாம் ஒரு வண்டியில அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவ, ஸ்கூலுக்கு ஒரு தடவ வந்து பிள்ளைங்கள பாப்பாங்க, பிரச்சன இருந்தா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க, செலவு அரசோடது. கண்ணு, பல்லு, ரத்தசோக மட்டும்தான் பாப்பாங்கன்னு முக்காவாசி பேர் நெனச்சிட்டிருக்காங்க, சில டீச்சர்ஸ் கூட. இல்ல. கற்றல் குறைபாடு, ஏடிஹெச்டி (ஒரு இடத்துல கவனம் நிக்காம துறுதுறுன்னு இருக்குறது), ஆட்டிசம், பேச்சு தாமதம் எல்லாம் அந்த லிஸ்ட்லயே இருக்கு. பெரிய பிள்ளைங்களுக்கு மனசு சோர்வா இருக்கா, போதைப் பழக்கம் இருக்கான்னு கேக்குறதும் அவங்க வேலைதான். கேக்குறாங்களாங்குறது வேற விஷயம்.

இனி சிக்கல் எங்கெங்கன்னு பாப்போம்.

6 வயசுக்கு மேல உள்ள பிள்ளைங்களுக்கு இந்தத் திட்டம் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, இந்த ரெண்டுக்கு மட்டும்தான். நம்ம மாதிரி ஏரியாவுல கடன வாங்கியாவது சின்ன மெட்ரிக் ஸ்கூல்ல சேத்துடுறோம் இல்லையா, அங்க இந்த வண்டி வராது. கல்வி உரிமைச் சட்டத்தோட 25 சதவீத ஒதுக்கீட்டுல ஃபீஸ் இல்லாம தனியார் ஸ்கூல்ல படிக்குற பிள்ளைக்கும் அதே கததான். இது தெரியாம வண்டி எப்ப வரும் எப்ப வரும்னு ஒரு வருஷம் காத்திருந்தவங்க இருக்காங்க. உங்க பிள்ள தனியார் ஸ்கூல்னா காத்திருக்காதீங்க, நேரா அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு ஓபிக்குப் போங்க, வழி கீழ சொல்றேன்.

அரசுப் பள்ளின்னா அடுத்த சிக்கல் அந்த ஒரு நாள். ஒரே நாள்ல ஸ்கூல் பிள்ளைங்க மொத்தத்தையும் பாக்கணும்னா ஒரு பிள்ளைக்கு எத்தன நிமிஷம் கிடைக்கும்னு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க. அழுக்கா இருக்குற பல்லு தெரியும், ராத்திரி தூங்காம பயந்து கெடக்குறது தெரியுமா? சத்தம் போடாத பிள்ள அப்படியே வரிசையில நகந்து போயிடும். அன்னைக்கு லீவு போட்ட பிள்ளைக்கு அதுவும் இல்ல, பிரச்சன உள்ள பிள்ளைங்கதான் அதிகம் லீவு போடுதுங்கன்னு யாருக்கும் தோணல போல. அதனால டீம் என்னைக்கு வருதுன்னு ஹெச்எம்கிட்ட முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க, அவங்களுக்குத் தெரியலன்னா உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க. பிள்ள வீட்டுலயும் சாயங்கால வகுப்புலயும் எப்படி இருக்குன்னு நாலு வரி எழுதி ஹெச்எம்கிட்ட குடுத்து, டீம் வரும்போது இத காட்டுங்கன்னு சொல்லுங்க. இன்னொரு காப்பியில வாங்கிட்டதா கையெழுத்து போட்டுக் குடுக்கச் சொல்லுங்க. கையெழுத்துன்னு சொன்னதும் முகம் மாறும், மாறட்டும்.

இப்ப முக்கியமான இடம். டீம் டாக்டர் "ஜிஎச்சுக்கு கூட்டிட்டுப் போங்கம்மா"ன்னு வாய்ல சொல்லி அனுப்பினா கிளம்பிடாதீங்க. ரெஃபரல் சீட்டு இருக்கு, பிள்ள பேரு, என்ன சந்தேகம், எங்க அனுப்புறோம்னு எழுதி சீல் வச்சு தருவாங்க, அத கையில வாங்குங்க, வாங்கினதும் போன்ல ஒரு ஃபோட்டோ எடுத்துக்கோங்க. நான் சொன்ன அக்கா அந்தச் சீட்டு இல்லாமத்தான் முதல் நாள் போனாங்க. ஓபியில மூணு மணி நேரம் நின்னதும் "ஸ்கூல்ல லெட்டர் வாங்கிட்டு வாம்மா". ஸ்கூல்ல "நாங்க எப்படி லெட்டர் தர்றது, டாக்டர் எழுதித் தரட்டும்". திரும்ப ஆஸ்பத்திரி, "சைக்காலஜிஸ்ட் இன்னைக்கு இல்ல, அடுத்த வாரம் வா". ஒரு பேப்பர் இல்லாததுக்கு மூணு நாள் சம்பளம் போச்சு.

நாலாவது நாள்தான் டிஇஐசிக்கு அனுப்பினாங்க, மாவட்ட அளவுல ஆஸ்பத்திரியில இருக்குற மையம் அது, குழந்தைங்க டாக்டர், சைக்காலஜிஸ்ட், பேச்சுப் பயிற்சி குடுக்குறவங்க எல்லாம் அங்கதான் இருக்கணும். போனா "இது 6 வயசுக்குள்ள உள்ள பிள்ளைங்களுக்கும்மா, உன் பையனுக்கு எட்டு ஆயிடுச்சே". பாதி உண்மை இது, பாதி உண்மைய வச்சுதான் நம்மள நல்லா சுத்த விடுவாங்க. 6ல இருந்து 18 வரைக்கும் உள்ள பிள்ளைங்களுக்கு சிகிச்ச மத்த அரசு ஆஸ்பத்திரி பிரிவுகள்ல நடக்கும்ங்குறது சரி, ஆனா 6க்கு உள்ள, 6க்கு மேலன்னு ரெண்டு வயசுப் பிரிவு பிள்ளைங்களையும் சரியான இடத்துக்கு சேத்து விடுறது டிஇஐசியோட வேலைன்னு திட்டத்தோட வழிகாட்டுதல்லயே இருக்கு. அதனால சண்ட போட வேண்டாம், "சரிங்க சார், இங்க இல்லன்னா எந்தப் பிரிவு, என்னைக்கு, யாரப் பாக்கணும்னு இந்தச் சீட்டுலயே எழுதிக் குடுங்க"ன்னு கேட்டுட்டு நில்லுங்க, நகராதீங்க. அன்னைக்கு நானும் கூடப் போயிருந்தேன். எழுத மனசில்லாம ரெண்டு தடவ உள்ள போய்ட்டு வந்தாங்க, கடைசில எழுதினாங்க.

ரேஷன் கார்டுல பேரு இல்ல, கார்டே சொந்த ஊர்ல இருக்கு, வறுமைக்கோட்டு பட்டியல்ல இல்ல, இப்படிச் சொல்லி மனநலப் பிரிவுல காசு கேட்டா ஒன்னு ஞாபகம் வச்சுக்கோங்க. மனநல பராமரிப்பு சட்டம் 2017, பிரிவு 18. வறுமைக்கோட்டுக்கு கீழ இருக்குறவங்களுக்கு, அந்த கார்டு இருந்தாலும் இல்லன்னாலும், அரசு நடத்துற, அரசு பணத்துல நடக்குற மனநல இடங்கள்ல சிகிச்ச இலவசம். கார்டு இருந்தாலும் இல்லன்னாலும்னு சட்டத்துலயே இருக்கு, நான் சேத்துச் சொல்லல. பிரிவு நம்பர சொன்னாலே பாதி இடத்துல பேச்சு மாறிடும், ஏழைங்களுக்கு சட்டம் தெரியாதுங்குற தைரியம்தான் அவங்களுக்கு.

இன்னொரு குழப்பம், ஊனமுற்றோர் சான்றிதழ். "முதல்ல சர்டிஃபிகேட் வாங்கிட்டு வாங்க, அப்பறம் ட்ரீட்மென்ட்"ன்னு யாராவது சொன்னா அது தப்பு. சிகிச்சைக்கு சான்றிதழ் தேவையே இல்ல. பரிட்சையில கூடுதல் நேரம், சொல்றத எழுத ஆளு, இந்த மாதிரி சலுகைக்குத்தான் அது வேணும். கற்றல் குறைபாடு, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ல சேத்த 21 குறைபாடுகள்ல ஒன்னு, ஆனா ஒரே நாள்ல குடுக்குற சான்றிதழ் இல்ல, டெஸ்ட் எல்லாம் எடுக்கணும். பத்தாவது பரிட்சைக்கு ரெண்டு மாசம் முன்னாடி ஓடாதீங்க, அப்ப ஒன்னும் நடக்காது. சின்ன வகுப்புலயே ஆரம்பிங்க. அரசுப் பள்ளின்னா வட்டார வள மையத்துல சிறப்பு ஆசிரியர் இருப்பாங்க, அவங்கள வரச் சொல்லி ஹெச்எம்கிட்ட கேளுங்க, இவ்வளவு அலைச்சல்ல உருப்படியா பேசின ஆளு எங்களுக்கு ஒருத்தங்கன்னா அது அவங்கதான்.

பிள்ளைய ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போறோம்னு தெரிஞ்சதும் சில ஸ்கூல்ல டிசிய கையில குடுக்கப் பாப்பாங்க. "வேற ஸ்கூல் பாத்துக்கோங்க, மத்த பிள்ளைங்களுக்கு டிஸ்டர்ப்." நீங்களா கேக்காம டிசி வாங்காதீங்க, எதுலயும் கையெழுத்து போடாதீங்க. கல்வி உரிமைச் சட்டம் 2009 பிரிவு 16 படி எட்டாவது முடிக்குற வரைக்கும் பிள்ளைய வெளிய அனுப்ப முடியாது, பிரிவு 17 படி அடிக்கவும் கூடாது, மனசு நோகுற மாதிரி நடத்தவும் கூடாது. இந்தச் சட்டம் 6ல இருந்து 14 வயசுக்குத்தான்ங்குறதையும் மனசுல வச்சுக்கோங்க. ஸ்கூல்ல பேசி நடக்கலன்னா 14417, தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறை ஹெல்ப்லைன். இல்லன்னா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல மனு குடுங்க, ரசீது இல்லாம வராதீங்க, ரசீது இல்லாத மனு குடுக்காத மனுதான்.

சாயங்கால வகுப்பு எடுக்குறவங்களுக்கு ஒரு வார்த்த. தமிழ்நாடு அரசோட சாயங்கால வகுப்புத் திட்டம் இல்லம் தேடிக் கல்வி 2021 அக்டோபர்ல ஆரம்பிச்சப்ப மாசம் 1,000 ரூபாய்க்கு எத்தனையோ பொண்ணுங்க இந்த வேலைக்கு வந்தாங்க, நாம யாரும் டாக்டர் இல்ல. "இவனுக்கு ஏடிஹெச்டி"ன்னு நீங்களே பேரு வச்சுடாதீங்க, அந்தப் பேரு தெரு முழுக்க ஒட்டிக்கும். பாத்தத மட்டும் தேதி போட்டு எழுதி வைங்க. பிள்ள யாராவது தொட்டாங்க, தப்பா நடந்தாங்கன்னு சொன்னா மட்டும் இந்த ஓபி சீட்டு கத எதுவும் வேண்டாம், உடனே குழந்தைங்க ஹெல்ப்லைன் 1098 இல்லன்னா போலீஸ். தெரிஞ்சும் சொல்லலன்னா போக்சோ சட்டத்துல அதுவே குத்தம், குடும்ப மானம்னு யார் கெஞ்சினாலும்.

ஆஸ்பத்திரி தேதி கிடைக்குற வரைக்கும் சும்மா இருக்க வேண்டாம், அரசோட மனநல ஹெல்ப்லைன் டெலி மானஸ் 14416, ராத்திரியும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம், காசு கிடையாது. அந்த அக்காவுக்கே அது தேவப்பட்டுச்சு, பையனுக்கு முன்னாடி.

போற அன்னைக்கு ஒரு கவர்ல ரெஃபரல் சீட்டு, ஆதார் காப்பி, பிள்ளையோட எமிஸ் நம்பர் (ஸ்கூல்ல பிள்ளைக்குப் பதிவு பண்ணி வச்சிருக்குற நம்பர்), முன்னாடி போன ஓபி சீட்டு எல்லாம் வச்சுக்கோங்க. ஆதார் இல்லன்னாலும் போங்க, திருப்பி அனுப்பினா யாரு அனுப்பினாங்கன்னு பேரு கேட்டு எழுதிக்கோங்க. சைக்காலஜிஸ்ட் எந்தக் கெழமை இருப்பாங்கன்னு முன்னாடி நாளே போன் போட்டுக் கேளுங்க. அப்பறம் பிள்ளையோட பழைய நோட்டு ஒன்னு எடுத்துட்டுப் போங்க, புதுசா அட்ட போட்டது வேண்டாம், பழசு. அஞ்சாவது நாள் அந்த டாக்டரம்மா கவர்ல இருந்த பேப்பர் எதையும் மொதல்ல பாக்கல, கிழிஞ்ச அந்தப் பக்கத்ததான் விரிச்சு வச்சுப் பாத்தாங்க, பாத்துட்டு பையன்கிட்ட "இது எழுதும்போது கை வலிச்சுதாடா"ன்னு கேட்டாங்க. அவன் தலைய ஆட்டினான்.