அந்த அரை மணி நேரம்

“அந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கவே இல்ல டாக்டர். நெஞ்சு எரியுது, நிறுத்திட்டேன்.”

எலும்பு மெலிந்து எளிதில் முறியும் எலும்புப்புரை நோய்க்கு அலென்ட்ரோனேட் மாத்திரை எழுதிக் கொடுத்தவர்களில் சிலர் இரண்டாம் மாதமே இப்படி வந்து நிற்பார்கள். நான் உடனே மருந்தை மாற்றுவதில்லை. “எப்படிப் போட்டுக்கிறீங்கம்மா?” என்று கேட்பேன். பெரும்பாலும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, மற்ற மாத்திரைகளோடு, இரண்டு மிடறு தண்ணீரில். உடனே படுக்கை.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. மற்ற மாத்திரைகளை அப்படித்தானே விழுங்குகிறோம்? இது மட்டும் உணவுக்குழாயில் தங்கினால் புண்ணாக்கிவிடும். உடம்பிலும் லேசில் சேராது. வெறும் வயிற்றில் போட்டாலே நூற்றில் ஒரு பங்குகூட ரத்தத்துக்குப் போவதில்லை. காபியோடு போட்டால் அதிலும் பாதிக்கு மேல் வீண். கால்சியம் மாத்திரையும் கூடச் சேர்ந்தால் போட்டதும் ஒன்றுதான், போடாததும் ஒன்றுதான்.

70 மி.கி. மாத்திரை என்றால் வாரத்தில் ஒரு நாள். காலையில் எழுந்ததும், வேறெதுவும் வாயில் படுவதற்கு முன், ஒரு டம்ளர் நிறைய வெறும் தண்ணீரில் விழுங்க வேண்டும். பிறகு அரை மணி நேரம் உட்காரலாம், நடக்கலாம். படுக்கவோ சாப்பிடவோ கூடாது. மாதம் ஒருமுறை போடும் இபான்ட்ரோனேட்டுக்கு இதே காத்திருப்பு ஒரு மணி நேரம். கால்சியம் மதியச் சாப்பாட்டோடு இருக்கட்டும். அந்த நாள் மறந்துபோனால் மறுநாள் காலை ஒன்று போதும், இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம்.

இப்படி மாற்றியதும் பலருக்கு எரிச்சல் அடங்கிவிடுகிறது. விழுங்கும்போதே வலித்தாலோ, உணவு தொண்டையில் அடைத்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு வந்துவிடுங்கள். சிறுநீரகம் சரியாக இருந்தால் வருடம் ஒருமுறை நரம்பில் ஏற்றும் சோலெட்ரானிக் அமிலம் இருக்கிறது. முதல் தடவை இரண்டு மூன்று நாள் காய்ச்சல், உடம்புவலி வரலாம், பாரசிட்டமால் போதும்.

தாடை எலும்பு அழுகிவிடும் என்று எங்கோ படித்துவிட்டுப் பயப்படுபவர்கள் நிறைய. மாத்திரை போடுபவர்களில் அது 10,000 பேரில் ஒருவருக்கோ, அதைவிடக் குறைவாகவோதான் வருகிறது. பல் பிடுங்கும் வேலை இருந்தால் மருந்து தொடங்குமுன் முடித்துவிடுவது நல்லது. எனக்குக் கவலை வேறு. சில வருடங்கள் மருந்து எடுத்தவருக்குத் தொடையிலோ இடுப்பு மடிப்பிலோ வாரக்கணக்கில் மந்தமான வலி இருக்கும். மூட்டுவலி என்று களிம்பு தடவிக்கொண்டிருப்பார். அது தொடை எலும்பில் விழுந்த மெல்லிய விரிசலாக இருக்கலாம். எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும்.

எலும்புப்புரைக்கே போடும் இன்னொரு மருந்தான டெனோசுமாப் ஊசியின் கணக்கே தனி. அலென்ட்ரோனேட் எலும்பிலேயே தங்கும். ஓரிரு வாரம் தவறினால் பெரிய இழப்பில்லை. ஐந்து வருடம் ஆனபின் சிலருக்கு நாங்களே இடைவெளி விடச் சொல்வதும் உண்டு. இந்த ஊசி ஆறு மாதம்தான் தாங்கும். மாற்று மருந்து இல்லாமல் விட்டால், அதுவரை சேர்த்த எலும்பு வேகமாகக் கரையும். பயணம், விசேஷம் என்று தள்ளிப்போட்ட ஒரு பாட்டி முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தார். மூன்று முள்ளெலும்புகள் நொறுங்கியிருந்தன. “கீழ விழவே இல்ல டாக்டர்” என்றார். நம்பினேன்.

அதிலிருந்து இந்த ஊசி போடும் ஒவ்வொருவரிடமும் அடுத்த தேதியை எழுதிக் கொடுத்து, கூட வந்தவர் போனிலும் என் கண்முன்னே ஏற்றச் சொல்கிறேன்.